மகள் பேரில் அம்மா

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் 'என்ன செய்யுது' என்று கேட்பதற்கு முன்னால் 'யார் பேரில்' என்று கேட்பார்கள். காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு நின்றாலும் முதலில் பேரையும், வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் உள்ள நம்பரையும் சொல்லியாக வேண்டும். தினமும் வேலைக்கு வந்து, ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு பேர் என்று பேர் போடுகிறவர்களுக்கு மருந்து உண்டு. அவர்கள் பேருக்குக் கீழே எழுதிய குடும்பத்தாருக்கும் உண்டு. எந்தப் பேருக்குக் கீழேயும் இல்லாதவர்கள் கஷாயம் வைத்துக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. ஆப்பீஸ் செக்ரோலைப் பார்த்து எழுதிய, நீலத் துணி அட்டை போட்ட பெரிய புத்தகம் மேசைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தான் கிடந்தது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் யாரும் கேட்டதில்லை. முப்பத்திரண்டு வயதுவரை நானும் கேட்கவில்லை. கேட்க வைத்தது என் அம்மாவின் பிரஷர்.

எங்கள் தோட்டம் பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே இருந்தது. பஸ் பிடிக்க நாலு மைல் இறங்க வேண்டும், திரும்பி வர அதே நாலு மைல் ஏற வேண்டும். அம்மா அந்த மலையில் நாற்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். அறுபது வயது ஆகிவிட்டது என்று ஒரு நாள் அவள் பேரை வெட்டினார்கள். அந்த அறுபது, ஆப்பீசில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா அவள் தலைமுடியைப் பார்த்துப் போட்ட கணக்கு. பிறந்த வருஷம் அவளுக்கும் தெரியாது, தோட்டத்துக்கும் தெரியாது. பேர் வெட்டிய கையோடு அவளை என் அண்ணன் பேருக்குக் கீழே எழுதினார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணன் குடும்பமும் அம்மாவும் மேல் லயத்து வரிசை வீடுகளில், ஒற்றை அறையான ஒரே காம்பராவில் இருந்தார்கள். நான் கல்யாணமாகிக் கீழ் லயத்தில் இருந்தேன்.

அண்ணன் இங்கே இருந்தபோதுதான் அம்மாவுக்கு நோய் வந்தது. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துவிட்டுக் குடத்தைத் தூக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாளில் வாய் நேராகிவிட்டது. அங்கிருந்த டாக்டர் என்னையும் அண்ணனையும் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். சுகமாக இருக்கிறதே என்று ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் அடுத்த முறை கையும் காலும் விழுந்துவிடும். மாதாமாதம் இவ்வளவு தூரம் வர முடியாதென்றால் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதமும் கொடுத்தார். அதன்படி இரண்டு வருஷம் அண்ணன் பேரில் மாத்திரை வந்தது. அம்மாவும் வெற்றிலை போடுகிற மாதிரி மறக்காமல் போட்டுக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு அரசாங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்தது. எழுபதுகளின் நடுவில் லயத்துக்கு லயம் அப்படித்தான் காலியாகிக்கொண்டிருந்தது. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒங்கப்பாவப் பொதச்ச எடம் இங்கதான் இருக்கு. நான் எங்கயும் வரல."

அண்ணன் அழுதான், அண்ணி கெஞ்சினாள். அவள் அசையவில்லை. பதுளை ஸ்டேஷனில் அவர்களை ரயில் ஏற்றிவிட்டு நானும் அம்மாவும் திரும்பி வந்தோம். அந்த மாதக் கடைசியில் செக்ரோலில் அண்ணன் பேரின் மேல் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டோடு அவன் பேருக்குக் கீழே இருந்த அண்ணி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் போய்விட்டார்கள். மற்றவர்கள் நிஜமாகவே போயிருந்தார்கள். அம்மா மேல் லயத்தில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

மாத்திரை வாங்கப் போனபோதுதான் எனக்கு அது தெரிந்தது. எங்கள் டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் புத்தகத்தை மீறி ஒரு சொட்டு டிங்சர்கூடத் தரமாட்டார்.

"உன்ர அம்மாவின்ர பேர் இதில இல்லைப் பிள்ளை" என்றார்.

"அம்மா இருக்காங்களேங்க. மேல் லயத்துலதான் இருக்காங்க."

"ஆள் இருக்கிறா. பேர் இல்லை. மேலிடத்திலயிருந்து வந்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பினம். ஒவ்வொரு மாத்திரைக்கும் நான் ஒரு பேர் காட்ட வேணும்."

"இப்ப யாரு பேருலங்க போடுறது?"

"மகன்ர பேரில. வேற மகன் இருக்கே?"

"இல்லீங்க. நான் ஒருத்திதான்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பதுளைக்கே கூட்டிக்கொண்டு போ என்றார்.

கூட்டிக்கொண்டும் போனேன். இறங்கும்போதே கல்லுக்குக் கல் உட்கார்ந்தாள். பஸ் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். மாத்திரை கிடைத்தது. ஆனால் திரும்பி மலை ஏறுகிறபோது பாதி வழியில் உட்கார்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அது குழறலாக வந்தது. மருந்து வாங்கப் போய் ஆளை இழந்துவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பசறையில் கடைகளில் விசாரித்தேன். அரிசிக்கும் சீனிக்கும் கியூவில் நின்ற காலம் அது, மாத்திரைக்கு எங்கே போவது. டப்பாவில் பன்னிரண்டு மாத்திரை மிச்சம் இருந்த அன்று நான் ஒரு திருட்டு வேலைக்குத் துணிந்தேன்.

எனக்குப் பேர் இருக்கிறது. நோய்தான் இல்லை. நோயை வாங்கிக்கொண்டால் மருந்து வருமே என்று நினைத்தேன். உப்பு சேர்ந்தால் பிரஷர் ஏறும் என்று கேள்விப்பட்டிருந்ததால் மூன்று நாள் கருவாடாகத் தின்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடிமலையிலிருந்து டிஸ்பென்சரி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி ஓடினேன். தலை சுத்துதுங்க என்றேன். டாக்டர் ஐயா கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். அன்றைக்கும் ஓடினேன். மூன்றாம் முறையும் ஓடினேன். என் வீட்டுக்காரர் நான் எதற்காகத் தினமும் கருவாடு சுடுகிறேன் என்று கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.

"தாய்க்கு இருக்கிற வருத்தம் உனக்கும் வந்திருக்கு" என்று டாக்டர் ஐயா கவலையோடு சொல்லி, மஞ்சள் மாத்திரையை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டன். விடியப் பெரட்டு முடிஞ்ச உடன இங்க வந்து எனக்கு முன்னால விழுங்க வேணும். உங்கட ஆக்களுக்கு மருந்தைக் குடுத்தா அது பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் லயத்தில் ஒரு இருமல் மருந்துப் போத்தல் பத்து வீடு ஏறி இறங்கும். யாருக்கோ கொடுத்த மாத்திரையை வேறு யாரோ போட்டுக்கொண்டு, எனக்கும் கேட்டுச்சு என்று சர்டிபிகேட் கொடுப்பார்கள். அதனால் வீட்டிலிருக்கிற வயசானவர்களைத் தவிர, வேலைக்கு வருகிற நாள்பட்ட நோய்க்காரர்கள் எல்லோரும், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் டிஸ்பென்சரிப் படியில் வரிசையாக நின்று அவர் முன்னால் விழுங்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். அதுதான் அவர் ஏற்படுத்தி வைத்திருந்த முறை.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியவில்லை. நாங்கள் வெற்றிலை ஒதுக்கிப் பழகியவர்கள். கன்னத்துக்குள் ஒரு பொருளை மறைக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரையைக் கடைவாய்ப் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினேன். சரி போ என்றார். அங்கிருந்து மேல் லயத்துக்கு ஒரே ஓட்டம். அம்மா வாசலில் நின்றாள். துப்பிக் கழுவிக் கையில் கொடுத்தேன்.

"என்னாடி இது, எச்சியா இருக்கு."

"ஒன் எச்சியத் தின்னுதான நான் வளந்தேன். முழுங்கு."

முழுங்கினாள். மறுநாளும் அப்படித்தான். மாத்திரையின் மஞ்சள் தோல் என் வாயிலேயே கரைந்து உள்ளிருக்கும் கசப்பு தொண்டை வரை இறங்கும். அம்மா கைக்குப் போகும்போது அது தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி இருக்கும். பாதியாவது போகிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். எனக்கு அப்போது ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு.

இரண்டு வாரம் போயிருக்கும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்து நான் பார்த்தது கானுக்குள் கிடந்த என் கூடையை. மழைத்தண்ணீர் ஓட வெட்டிய அந்தப் பள்ளத்துக்குள் நானும் கிடந்தேன். பக்கத்து நிரையில் இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் ஐயா பிரஷர் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். அதலபாதாளத்தில் இருந்தது. என்னைத் தவிர மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

"உனக்கு இந்த வருத்தம் இல்லை. என்ன நடந்தது எண்டு சொல்லு."

படுத்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கருவாடு, ஓட்டம், கன்னம் எல்லாம். அவர் கத்துவார் என்று பார்த்தேன். அவர் என் கையிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"பாதி மாத்திரை உன்ர வயித்துக்க. பாதி அவவின்ர வயித்துக்க. உனக்குத் தேவையில்லாதது, அவவுக்குக் காணாதது. ரெண்டு பேரும் ஒண்டாப் போகப் பார்க்கிறியள்."

கருவியைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அவரே மேல் லயத்துக்கு ஏறினார். அவர் லயத்துப் பக்கம் வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தடுமாறிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அம்மாவுக்குப் பிரஷர் மிக அதிகமாக இருந்தது. அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஏழு மாத்திரையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். யார் பேரில் எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஒரு கிழமைக்குத்தான். அதுக்கு மேல என்னால ஏலாது" என்று என்னிடம் சொன்னார்.

அவரோடு திரும்பி இறங்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. ஒரு புத்தகம் என் அம்மாவைக் கொல்லப் பார்க்கிறது, அதில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் நான் கருவாடு தின்றுகொண்டு ஓடியிருக்கிறேன். டிஸ்பென்சரிக்குள் அவர் பின்னாலேயே நுழைந்தேன்.

"ஐயா, அந்தப் புத்தகத்துல என்னாதான் எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுச் சொல்லுங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாதுங்க. வாசிங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தார். இங்கிலீஷில் டைப் அடித்த தாள் ஒன்று அங்கே ஒட்டியிருந்தது, விளிம்பெல்லாம் பழுப்பேறி. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். வேலையாள். வேலையாளின் கணவன் அல்லது மனைவி. இன்ன வயதுவரை பிள்ளைகள். வேலையாளோடு ஒரே வீட்டில் இருந்து, அவரை நம்பி வாழ்கிற தாய் தகப்பன். அந்த வரியில் அவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

"மகன் எண்டு இதில இல்லை" என்றார்.

"நான் வேலையாளுதானங்க?"

அவர் பக்கத்தைப் புரட்டி என் நம்பரைத் தேடினார். பதினைந்து வருஷமாக அது அங்கேயே இருந்தது.

"ஓம். நீயும் வேலையாள்தான்."

யோசித்துப் பார்த்தால் இது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அவள் வேறு வீட்டுக்காரி. பெத்தவர்கள் மகனோடு. இதைத் தோட்டத்தை நடத்துகிற எந்தத் தொரையும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களே ஆப்பீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மகன் பேரில் எழுதுங்க என்று நாங்கள் சொன்னோம், அவர்கள் எழுதினார்கள். ஆம்பிளைக்குச் சமமாக மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பேர் போடுகிறவள், தாய்க்கு ஒரு மாத்திரை என்று வரும்போது மட்டும் புருஷன் பேருக்குக் கீழே ஒரு வரியாகிவிடுகிறாள். நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

டாக்டர் ஐயா அந்த வரியை ஒரு தாளில் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் சாயந்தரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையோடு ஆப்பீஸ் வாசலுக்குப் போனேன்.

"மக பேருல அம்மாவா? அப்படி எழுதுற வழக்கம் இல்லையே" என்றார் கிளாக்கர் ஐயா.

"வழக்கம் இல்லீங்க. சட்டம் இருக்குங்க."

"அப்ப ஒம் புருஷனோட மாமியாருக்கெல்லாம் தோட்டம் மருந்து குடுக்கணும்ங்கிற."

"அவருக்குத்தாங்க மாமியாரு. எனக்கு அம்மா."

நாளைக்கு வா என்றார். நாளைக்கும் போனேன். தொரை இல்லை, அப்புறம் வா என்றார். மூன்றாம் நாள் போய் வாசல் தூணில் சாய்ந்துகொண்டு நின்றேன். விளக்கு வைக்கிற நேரம் ஆனாலும் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. தொரை ஜீப்பில் வந்து இறங்கினார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த இளவயது சிங்களத் தொரை அவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார்.

"இது சரிதானே. ஏன் எழுதல்ல?" என்று கிளாக்கர் ஐயாவைக் கேட்டார். என் கால் தரையில் நிற்கவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஆனா ஒரே வீடுன்னு இருக்கு. ஒங்க குடும்பத்துக்கு ரெண்டு காம்பரா இருக்கு. ஒண்ணு திருப்பிக் குடுக்கணும். வெள்ளிக்கிழம சாவி வந்தா, அம்மா பேர் எழுதுறது."

அன்று செவ்வாய்க்கிழமை. மாத்திரை மூன்று மிச்சம் இருந்தது.

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டு நேரே மேல் லயத்துக்கு ஏறினேன். அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"மருமவன் வீட்டுல வந்து நான் குந்தித் திங்கிறதா? செத்தாலும் வரமாட்டேன்."

"கை காலு விழுந்து கெடந்தா யாரு பாக்குறது?"

"நீதான் பாக்கணும்."

"அப்ப இப்பவே வந்து என் வீட்டுல இருந்தா என்னா?"

"அது வேற, இது வேற."

புதன்கிழமை என் பிள்ளைகளை அனுப்பினேன். பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். கட்டிக்கொடுத்த பெண் வீட்டில் கை நனைப்பதே கௌரவக் குறைச்சல் என்று வளர்ந்தவள். திருவிழாவுக்கு வந்தால்கூட என் வீட்டில் தேத்தண்ணியோடு எழுந்துவிடுவாள். அவளை என்ன சொல்லி நகர்த்துவது என்று எனக்குப் புரியவில்லை. பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

வியாழக்கிழமை கொழுந்து எடுக்கும்போது தொரை சொன்னதை வார்த்தை வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். ஒரே வீடு என்றார். ஒரு காம்பராவைத் திருப்பிக் கொடு என்றார். எந்தக் காம்பரா என்று அவர் சொல்லவே இல்லை. நானாகத்தான் அம்மாவுடையது என்று எடுத்துக்கொண்டேன். மறுபடியும் அதே புத்தி.

வேலை விட்டு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தேயிலை மரம் வெட்டி மட்டம் பண்ணுகிறது அவர் வேலை. எங்கள் காம்பரா பீலிக்குப் பக்கத்தில் இருந்தது. அடுப்படிக்குத் தகரம் அடித்தது அவர், பின்னால் பீன்ஸ் பந்தல் போட்டது அவர். மேல் லயத்துக் காம்பராவில் புகை போக வழி கிடையாது, மழைக்கு ஒழுகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"ஏங்க, நாம அங்க போயிடுவமா?"

கத்தி கல்லில் போய் வந்துகொண்டிருந்தது.

"மாமியா வீட்டோட போயிட்டான்னு எல்லாரும் சிரிப்பானுங்க."

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

"ஒனக்கென்னா. சிரிக்கிறது என்னையப் பாத்துத்தான."

உண்மையைத்தான் சொன்னார். அடுப்பு மூட்ட உள்ளே போனேன். சோற்றுக்கு உலை வைத்துவிட்டுத் திரும்பினபோது அவர் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ட்ரங்குப் பெட்டிய நான் தூக்கிருவேன். அம்மிக்கு ரெண்டு ஆளு வேணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் தூக்கினோம். மேல் லயத்துக்காரர்கள் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டோட வர்றாரு, ஆலாத்தி எடுங்கடி என்றாள். சிரிப்பு எழுந்தது. என் வீட்டுக்காரர் பெட்டியைத் தோளில் வைத்தபடி யாரையும் பார்க்காமல் நடந்தார். காதுமடல் சிவந்திருந்தது. அம்மா நிலையில் கையை ஊன்றிக்கொண்டு வழியை மறித்து நின்றாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் கதவைப் பூட்டிவிடுவாள் என்று தெரியும். இப்போது என்ன சொல்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார்.

"அத்தை, எங்க காம்பராவ ஆப்பீசுக்குக் குடுத்தாச்சு. எங்களுக்கு எடம் இல்ல. ஒங்க வீட்டுல இருந்துக்கலாங்களா?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"உள்ள வாங்க. புள்ளைங்க பசியோட நிக்கிதுங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்கு வந்த மாதிரி ஒரு பிரியம் எனக்கு அவர் மேல் வந்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. அம்மியைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று முனகியபோது தைலம் தேய்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று சாயந்தரமே கிளாக்கர் ஐயாவிடம் சாவியைக் கொடுத்தேன். என் நம்பருக்குக் கீழே அம்மாவின் பேரை எழுதும்வரை நகரவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால், சரியாக எழுதியிருக்கிறாரா என்று எட்டி வாசித்தும் பார்த்தேன். டப்பாவில் மாத்திரை இருக்கவில்லை, காலையில் போட்டது கடைசி. மறுநாள் சனிக்கிழமை, பெரட்டு முடிந்ததும் அம்மாவைக் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஐயா ஒரு முழு மாத்திரையைக் கொடுத்தார். அவள் வாயைத் திறந்து காட்டினாள். வயசான ஆள் தினமும் இறங்கி வர வேண்டாம் என்று முன்பு போலவே ஒரு வாரத்துக்கு உள்ளதைப் பொட்டலம் கட்டி என்னிடம் தந்தார். அடுத்த வாரத்துக்கும், அதற்கடுத்த வாரத்துக்கும், அப்படியே வருஷக்கணக்காகவும்.

கூரை ஒழுகத்தான் செய்தது. அவர் தகரம் கொண்டுவந்து அடித்தார். சிரித்தவர்கள் கொஞ்ச நாள் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா தன் அடுப்பில் சமைத்துத் தன் கையால் மருமகனுக்குப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவாள். அப்பா உயிர்விட்ட அந்தக் காம்பரா மூலையில் அவள் ஏற்றுகிற விளக்கு எரிந்தது.

என் அம்மா பிரஷரில் சாகவில்லை. இதை நான் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஒன்பது வருஷம் கழித்து ஒரு மாரி காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி, நாலே நாளில் போனாள். கடைசிவரை கையும் காலும் அவள் சொன்னபடி கேட்டன. பேச்சும் தெளிவாக இருந்தது. என்னைத் திட்டிக்கொண்டேதான் போனாள்.

எட்டாம் துக்கம் முடிந்து ஆப்பீசுக்குப் போனேன். யார் பேரில் எழுதியிருக்கிறதோ அவர்கள்தான் வந்து சாவைச் சொல்ல வேண்டும். கிளாக்கர் ஐயா மாறியிருந்தார், புதியவர் சின்ன வயது. என் நம்பர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எழுதிய நாளுக்குப் பிறகு அந்தப் பக்கங்களை நான் பார்த்ததே இல்லை. எதிரே நின்று தலைகீழாக வாசித்துக்கொண்டு வந்தேன். ஒரு பொம்பிளைப் பேர், அதற்குக் கீழே தாய். இன்னொரு பொம்பிளைப் பேர், அதற்குக் கீழேயும் தாய். அடுத்த பக்கத்தில் ஒருத்திக்குக் கீழே தாயும் தகப்பனும். என்னோடு ஒரே மலையில் நிரை பிடித்து நிற்கிறவர்கள்தான் எல்லோரும். ஒருத்திகூட என்னிடம் சொன்னதில்லை. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"இதுதானேம்மா? கோடு போடட்டுங்களா?" என்றார் அவர்.

"போடுங்க" என்றேன்.

அடிமட்டத்தை வைத்து நேராகப் போட்டார். அந்தக் கோடு விழாமல் ஒன்பது வருஷம் பிடித்து வைத்திருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். நேரம் பிந்திவிட்டதால் கங்காணி அன்றைக்கு எனக்கு அரைப் பேர்தான் போட்டார்.